உறுப்பும் பெயரும்

மனித உடலில் எத்தனை எலும்புகள் உள்ளன என்று வினவினால், உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரும் 206 என்று தடையின்றி விடை கூறுவர். ஆயின், அவற்றுள் காறை எலும்பு யாது, அதனை உன் உடம்பில் தொட்டுக் காட்டுக என்று கேட்பின், பலருடைய கை தயங்கும். சிலர் முழங்காலைத் தொடுவர். சிலர் அருகில் நிற்பவர் முகத்தை நோக்குவர். எண்ணை அறிந்தவர்க்கு இடம் தெரியவில்லை. சொல்லை எழுத்துப் பிழையின்றி எழுத வல்லவர்க்கு, அச்சொல் குறிக்கும் பொருள் தம் கழுத்தின்கீழேயே கிடப்பது புலப்படவில்லை.

உறுப்புப் பெயர்த் தேர்வு என்பது பெரும்பாலும் இரண்டு வரிசைகளைப் பொருத்திக் காட்டும் தேர்வாகவே நடைபெற்று வருகின்றது. ஒருபுறம் ஆங்கிலப் பெயர். மறுபுறம் தமிழ்ப் பெயர். இடையே ஒரு கோடு. கோடு சரியான இடத்திற் சென்று சேர்ந்தால் மதிப்பெண் உண்டு. பெயரினின்று பெயருக்குச் செல்லும் அக்கோடு உடம்பை ஒருகாலும் தொடுவதில்லை. பெயரைச் சொன்ன அளவிலே விரல் அவ்வுறுப்பின்மேற் செல்லுதல் வேண்டும். உறுப்பைத் தொட்ட அளவிலே பெயர் நாவில் வருதல் வேண்டும். இதுவே உறுப்பறிவைச் சோதிக்கும் முறையாகும். இதனை வெறும் பள்ளிக்கூடச் செய்தியாகக் கருதிவிடலாகாது. நோயுற்ற காலத்தில் ஒருவன் உயிர் பிழைப்பதும் பிழையாமையும் சில வேளைகளில் அவன் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லைப் பற்றியே நிற்கின்றன.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் மாணவர் சூடாமணி நிகண்டினை மனப்பாடம் செய்தனர். நிகண்டுகள் உறுப்புகளின் பெயர்களையும் தொகுத்துத் தருவன. தலைக்குச் சென்னி என்றும் சிரம் என்றும், கைக்குக் கரம் என்றும் பாணி என்றும், அடிக்குத் தாள் என்றும் கழல் என்றும் பெயர்கள் பல உண்டு. செய்யுள் இயற்றுவார்க்கும் உரை காண்பார்க்கும் அவை பெருந்துணையாயின. எனினும், புலவன் தேவை வேறு. நோயாளியின் தேவை வேறு. நிகண்டு ஒரு பொருட்குப் பல பெயர் தந்தது. நாள்தோறும் பேசும் வழக்கோ பல பொருட்கு ஒரு பெயரைத் தந்து அமைந்துவிட்டது. இடர் விளைவது இப்பின்னதனாலேதான்.

உடம்பைக் கொண்டே உறுப்பினைக் கற்பித்த நூல் தமிழில் இல்லாமலில்லை. அது மருத்துவ நூலன்று, இலக்கண நூல். தொல்காப்பிய எழுத்ததிகாரத்துப் பிறப்பியல், எழுத்தொலி பிறத்தற்குத் துணையாகும் உறுப்புகள் எட்டு என வகுத்து, எந்த ஒலிக்கு எவ்வுறுப்பு எவ்விடத்தில் பொருந்தும் என்பதை முறையாகக் கூறுகின்றது. மாணவன் ஒருவன் பகரத்தை ஒலிக்கும்போது தன் இதழ் இரண்டும் பொருந்துதலை உணர்கின்றான். ககரத்தை ஒலிக்கும்போது நாவின் அடி மேலெழுகின்றது. டகரத்திற்கு நாவின் நுனி மேல்நோக்கி வளைகின்றது. அண்ணம் என்னும் சொல்லுக்கு அவனுக்கு எவரும் பொருள் எழுதித் தர வேண்டுவதில்லை. அவன் நாவே சென்று அதனைத் தொட்டுக் காட்டுகின்றது. இத்துணைத் தெளிவாக வாயினுள் இருக்கும் உறுப்புகளைக் கற்பித்த மரபினர், வயிற்றினுள் இருப்பவற்றை மட்டும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது வியப்பிற்குரியது.

‘வயிறு வலிக்கின்றது’ என்று ஒருவன் மருத்துவரிடம் கூறுகின்றான். வயிறு என்று அவன் சொல்லும் பரப்பினுள் இரைப்பை உண்டு, கல்லீரல் உண்டு, அதன் அடியில் பித்தப்பை உண்டு, கணையமும் மண்ணீரலும் குடல்களும் உண்டு, பின்புறத்தே சிறுநீரகங்கள் உண்டு. இவற்றுள் எது துன்புறுகின்றது என்பதை அந்த ஒரு சொல் எவ்வாறு உணர்த்தும்? குடல்வாலில் அழற்சி ஏற்பட்டால், வலி முதலிற் கொப்பூழைச் சுற்றித் தோன்றிச் சில மணி நேரத்திற்குப் பின் அடிவயிற்றின் வலப்புறத்தே சென்று நிலைகொள்வது பெரும்பான்மை. பித்தப்பையில் கல் தங்கியவர்க்கோ வலப்புற விலாவின்கீழ் மேல்வயிற்றில் வலி எழுந்து, சிலர்க்கு வலத் தோளிலும் முதுகிலும் படரும். மேல்வயிறு, கொப்பூழ், விலாப்புறம், அடிவயிறு என்னும் எளிய தமிழ்ச் சொற்கள் நான்கினைத் தெரிந்து, தொடங்கிய இடம் இது, நகர்ந்த இடம் இது என்று கூறத் தெரிந்தவன் மருத்துவருடைய வேலையிற் பாதியைக் குறைத்துவிடுகின்றான். அவ்வாறு கூறத் தெரியாதவனுக்கு வீட்டிலுள்ளோர் ஓமநீரைக் கொடுத்து விடியும்வரை பார்ப்போம் என்று காத்திருப்பர். குடல்வால் விடியும்வரை காத்திராது, வெடித்தலும் கூடும்.

நெஞ்சு என்னும் சொல் இதனினும் இடர் மிக்கது. இலக்கியத்தில் நெஞ்சு என்பது மனம். பேச்சு வழக்கில் அது மார்பு, சிலரிடத்தில் தொண்டையின் அடிப்பகுதி, சிலரிடத்தில் இதயம். நெஞ்செரிச்சல் என்பது உண்மையில் இரைப்பையிலுள்ள அமிலம் உணவுக்குழலில் மேலெழுவதால் உண்டாவது. அதற்கும் இதயத்திற்கும் தொடர்பில்லை. இதயத்திற்குக் குருதி செல்லும் குழல் அடைபடும்போதோ மார்பின் நடுவே அழுத்துவது போன்ற வலி தோன்றி, இடத்தோள், கை, கழுத்து, தாடை ஆகியவற்றிற் பரவுதலும், உடல் வியர்த்தலும் உண்டு. இரண்டையும் மக்கள் நெஞ்சு என்னும் ஒரே சொல்லால் குறித்து, இரண்டிற்கும் வாயு என்னும் ஒரே காரணத்தைக் கற்பித்து, இரண்டிற்கும் ஒரு துண்டு இஞ்சியையே மருந்தாகத் தருகின்றனர். இஞ்சியின்மேற் குற்றமில்லை. நெஞ்செரிச்சலால் வருந்துபவன் மறுநாள் எழுந்து நடமாடுவான். மற்றவனுக்குக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை அழிகின்றது.

நரம்பு என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. யாழில் கட்டப்பட்ட தந்திக்குப் பழந்தமிழர் நரம்பு என்றே பெயரிட்டனர். இலையின் முதுகில் ஓடும் கோடும் நரம்பு. முதியோர் புறங்கையிற் புடைத்துத் தோன்றும் குருதிக்குழலும் நரம்பு. குதிகாலின் பின்னே முறுக்கிய கயிறு போல விளங்கும் நாணும் நரம்பு. மூளையினின்று புறப்பட்டு உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழையும் நரம்பே. ‘நரம்பில் ஊசி போட்டார்கள்’ என்று இன்றும் ஊரார் கூறுவது சிரை என்னும் குருதிக்குழலையேயன்றி வேறன்று. இக்குழப்பம் தமிழர்க்கே உரியது என்று எண்ணித் தாழ்வு கொள்ள வேண்டா. கிரேக்கர் வழங்கிய நியூரான் என்னும் சொல்லும் முதலில் தசைநாணையும் நாணையுமே குறித்தது. கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தில் அலெக்சாந்திரியா நகரில் உடலை அறுத்து ஆராய்ந்த எரோபிலசு என்னும் மருத்துவர், உணர்ச்சி இழை வேறு, நாண் வேறு என்று பிரித்தறிந்த பின்னரே அச்சொல்லின் பொருள் ஒருவழிப்பட்டது. பொருளைப் பிரித்துக் கண்டபின் சொல்லும் பிரிந்தது. தமிழிலும் இந்நாளில் உணர்ச்சி இழைக்கு நரம்பு என்றும், குருதியை இதயத்திற்குக் கொணர்வதற்குச் சிரை என்றும், இதயத்தினின்று கொண்டுசெல்வதற்குத் தமனி என்றும், தசையை எலும்போடு பிணிப்பதற்குத் தசைநாண் என்றும் பாடநூல்கள் வரையறை செய்துள்ளன. வரையறை நூலில் நின்றுவிட்டது. ஊருக்குள் இன்னும் வரவில்லை. அதனை ஊருக்குள் கொணர வேண்டியவர் மாணவரே.

தமிழில் உள்ள உறுப்புப் பெயர்கள் பலவும் தம்மைத் தாமே விளக்குவன. ஈரல் என்னும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முன்னோர் மூன்று உறுப்புகளை வேறு பிரித்தனர். நுரை போலக் காற்று நிறைந்து மென்மையாய் இருப்பது நுரையீரல். கட்டியாய்க் கனத்து வலப்புறத்தே இருப்பது கல்லீரல். இடப்புறத்தே இரைப்பையை அடுத்துச் சிறியதாய் இருப்பது மண்ணீரல். ஆட்டின் மண்ணீரலை இறைச்சி விற்போர் சுவரொட்டி என்று அழைப்பர். அது நூல்வழக்கன்று எனினும் சொல் நன்றாகவே இருக்கின்றது. மூங்கிலிலும் கரும்பிலும் உள்ள கணுவைக் கண்டவர் காலிலும் ஒரு கணுவைக் கண்டு கணுக்கால் என்றனர். கெண்டை மீன் போலத் திரண்டிருத்தலாற் கெண்டைக்கால் என்பர். உரோமர் தசைக்கு இட்ட பெயரோ சிறிய சுண்டெலி என்னும் பொருளுடையது. தோலின்கீழ் அசையும் தசை அவர்கட்கு எலி ஓடுவது போலத் தோன்றிற்று. கண்ணின் நடுவேயுள்ள கருமையிற் காண்பவருடைய உருவம் சிறிதாகத் தெரிதலின் அதனைப் பாவை என்றனர் தமிழர். இலத்தீன் மொழியிலும் அதன் பெயர் சிறு பாவை என்னும் பொருளுடையதே. கடல் பல கடந்து வாழ்ந்த இரு மக்கள் எதிர்நின்றாருடைய கண்ணை உற்றுநோக்கி ஒரே பெயரைக் கண்டனர்.

காறை எலும்பும் இத்தகையதே. காறை என்பது கழுத்தில் அணியும் ஓர் அணிகலம். அவ்வணி தங்குமிடத்தில் உள்ள எலும்பு அப்பெயர் பெற்றது. இதனை ஒருமுறை கேட்ட மாணவன் வாழ்நாளில் மறவான்; தேர்வறையில் முழங்காலையும் தொடான்.

பெயரே மயக்கம் தரும் இடங்களும் உள. சிறுகுடல், பெருங்குடல் என்னும் இரண்டனுள் எது நீளமானது என்று வினவுக. வகுப்பிற் பெரும்பாலோர் பெருங்குடல் என்பர். சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. பெருங்குடலோ ஒன்றரை மீட்டர் அளவினதே. சிறுமையும் பெருமையும் இங்கே அகலம் பற்றியன. இத்தகைய வினாக்களே தேர்விற்கு ஏற்றன. 206 எலும்புகளுள் பாதிக்கு மேற்பட்டவை எவ்விடத்தில் உள்ளன என்பது மற்றொரு நல்ல வினா. ஒவ்வொரு கையிலும் மணிக்கட்டு முதல் விரல்நுனி வரை 27, ஒவ்வோர் அடியிலும் 26. ஆக 106 எலும்புகள் கைகளிலும் அடிகளிலுமே அடங்கியுள்ளன. எண்ணை மனப்பாடம் செய்தவன் இதற்கு விடை கூற இயலாது. தன் கையைத் திருப்பிப் பார்த்தவன் கூறுவான்.

பிறமொழியினின்று பெயர்த்து அமைத்த சொற்களில் வேறொரு குறை நேர்கின்றது. நடுச்செவியில் மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. அவற்றின் இலத்தீன் பெயர்களைப் பின்பற்றித் தமிழில் சுத்தி, பட்டடை, அங்கவடி எனப் பெயரிட்டனர். கொல்லன் உலைக்களம் அருகில் இருந்த காலத்தில் சுத்தியும் பட்டடையும் சிறுவர் கண்ணாரக் கண்டவை. அங்கவடியோ குதிரை ஏறுவோர் கால் வைக்கும் வளையம். குதிரையையே அரிதிற் காணும் மாணவனுக்கு அங்கவடி எலும்பு என்பது பொருளற்ற ஓர் ஒலியாகும். சென்னைத் தீவுத்திடலை அடுத்து நிற்கும் மன்றோவின் சிலையைக் காட்டி விளக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை; 1839-இல் நிறுவப்பெற்ற அக்குதிரைச் சிலைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை! ஆசிரியர் கரும்பலகையில் ஒரு படம் வரைந்து காட்டுவதே தக்கது. உடலிலுள்ள எலும்புகளுள் மிகச் சிறியதாகிய அதனை, 3 மில்லிமீட்டர் அளவினதாகிய அதனை, ஒரு குதிரைவீரன் கால் வைக்கும் வளையத்தோடு ஒப்பிட்டுப் பெயரிட்டவன் கண்கூர்மை அப்போதுதான் விளங்கும்.

மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க இயலும் என்பதைச் செய்து காட்டியவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, முதலில் ஆங்கிலத்திலேயே மாணவர்க்கு மருத்துவம் பயிற்றினார். ஆங்கிலத்திற் பயின்றோர் வேலை நாடிப் பிற இடங்களுக்குச் செல்லுதலையும், சிற்றூர் மக்கள் பயனின்றி நிற்றலையும் கண்டு, 1864 முதல் தமிழிலேயே பயிற்றத் தொடங்கினார். கிரே என்பார் 1858-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட உடற்கூற்றுப் பெருநூல், 1872-இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரால் தமிழில் வெளிவந்தது. அந்நூற்பெயரே அக்கால நடையைக் காட்டும். அன்று வடசொற்களால் அமைந்தன பலவும் பின்னர் மாறின. சுவாசகோசம் நுரையீரல் ஆயிற்று; கர்ப்பப்பை கருப்பையாயிற்று; மூத்திரப்பை சிறுநீர்ப்பையாயிற்று. இம்மாற்றங்கள் நல்லனவே. கேட்ட அளவிற் பொருள் விளங்குதலே சொல்லின் அழகு.

ஆயினும், புதுச்சொல்லை ஆக்கும் ஆர்வத்தில் வழங்கி வந்த நல்ல தமிழ்ச்சொல்லையும் கழித்தல் முறையன்று. சிறுநீரகத்திற்குக் குண்டிக்காய் என்பது பழைய தமிழ்ப் பெயர். நாகரிகம் நோக்கிச் சிலர் அதனை விலக்கினர். சிறுநீரகம் என்பது செய்யும் தொழிலைக் காட்டும் சிறந்த சொல்லே. அதனைக் கற்பித்தல் வேண்டும். எனினும் முதிய பாட்டி ஒருத்தி பழைய சொல்லால் தன் நோயைக் கூறுமிடத்து, பட்டம் பெற்ற இளைய மருத்துவர் நகைத்தலோ விழித்தலோ கூடாது. இரண்டு சொல்லையும் அறிந்திருத்தல் அவர்க்குக் கடமை.

நகைப்பினும் கொடியது நாணம். நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். அவையிற் கூறத் தகாததை மறைத்து வேறு வாய்பாட்டாற் கூறுவது இடக்கரடக்கல். ‘கால் கழுவி வந்தான்’ என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. அவைக்கு அது பண்பு. மருத்துவர் முன்னே அது கேடு. மார்பகத்தில் வலியற்ற ஒரு கட்டி தோன்றியதை உணர்ந்தும், அவ்வுறுப்பின் பெயரை வாய்விட்டுக் கூற நாணி, ‘உடம்பு சரியில்லை’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளும் பெண்டிர் எத்தனை பேர்! கருப்பை வாயிலும் மார்பகத்திலும் தோன்றும் புற்றுநோய் தொடக்கத்திற் கண்டறியப்படின் குணமாதற்கு இடம் மிகுதி. நாட்கள் கழிந்தபின் அவ்வாய்ப்பு சுருங்குகின்றது. தாய்மொழியில் இவ்வுறுப்புகட்குக் கருப்பை, மார்பகம் என்று கண்ணியமான சொற்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லுதல் இழுக்காகாது என்பதைப் பெண்பிள்ளைகள் பள்ளியிலேயே அறிதல் வேண்டும். ஆண்பிள்ளைகளும் அறிதல் வேண்டும். அவர்தம் உறுப்புகளிலும் நோய் தோன்றாமலில்லை, நாணமும் அவர்க்குக் குறைவில்லை.

மருத்துவர் பக்கமும் குறை உண்டு. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்று வழங்கினர் என்பர். நோயாளியின் கட்டிலருகே நின்று மருத்துவர் இருவர் ஆங்கிலத்தில் உறுப்பின் பெயரையும் நோயின் பெயரையும் கூறிக்கொள்வது இக்குழூஉக்குறியே. தமக்குள் பேசுதற்கு அது வேண்டற்பாலது. நோயாளியை நோக்கித் திரும்பிய பின்னும் அதனை விடாமையே பிழை. நோயாளி இடக்கரடக்கலாற் பேசுகின்றார். மருத்துவர் குழூஉக்குறியாற் பேசுகின்றார். இயல்பு வழக்காற் பேசுவார் அவ்வறையில் ஒருவரும் இல்லை.

தேர்வினை எவ்வாறு நடத்துவது என்று ஆசிரியர் சிலர் கேட்கலாம். அதற்குப் பெருஞ்செலவு வேண்டா. பெரிய தாள்கள் சிலவற்றை ஒட்டித் தரையில் விரித்து, ஒரு மாணவனை அதன்மேற் கிடக்கச் செய்து, அவன் உருவத்தைச் சுற்றிக் கோடு வரைந்துகொள்ளுதல் போதும். உறுப்பின் பெயர் எழுதிய சிறு சீட்டுகளை மாணவர்க்குப் பகிர்ந்து, உரிய இடத்தில் வைக்கச் சொல்லுக. வைத்தபின் ஏன் அங்கு வைத்தாய் என்று கேட்டல் வேண்டும். விடையினும் அவ்விளக்கத்திற்கே மதிப்பெண் மிகுதியாகத் தருக. இதயத்தைப் பலர் இடத்தோளின் அருகே கொண்டுபோய் வைப்பர். அது மார்பின் நடுவே சற்று இடப்புறம் சாய்ந்து இருப்பதையும், ஏறத்தாழ அவரவர் மூடிய கையளவினதாய் இருப்பதையும் அப்போது கூறலாம். சிறுநீரகம் என்னும் சீட்டினைப் பெற்றவன் பெயரை நம்பி அதனை அடிவயிற்றிலே வைப்பான். அவ்விடம் சிறுநீர்ப்பைக்கு உரியது. ஆசிரியர் அவன் கையைப் பற்றி, அவன் முதுகின் இருபுறத்தும் கடைசி விலா எலும்பின் அருகே வைத்துக் காட்டி, அச்சீட்டைத் தாளின் மறுபுறத்தில் ஒட்டச் செய்வாராக.